சிந்தெடிக் என்ஜின் ஆயில்: நீண்ட ஓட்டத்தில் தெரிவது எது, டப்பாவில் பார்க்க வேண்டியது எது?

ஆயில் மாற்றிய வாரம் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். சத்தம் அடங்கும், என்ஜின் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். அதில் பெரும்பகுதி ஆயில் புதுசு என்பதால் வந்தது. நல்ல மினரல் ஆயிலைப் புதிதாக ஊற்றினாலும் முதல் வாரம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். பிக்கப் ஏறும், மைலேஜ் கூடும் என்று நம்பி சிந்தெடிக்குக்கு மாறுபவர்கள் பிறகு ஏமாந்துபோவதும் இதனால்தான். மைலேஜில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தால், கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடில் 40-இலிருந்து 30-க்கோ 20-க்கோ இறங்கியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

சிந்தெடிக்கின் பலனை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். 50,000 கிலோமீட்டர், ஒரு லட்சம் என்று கடந்தபின், ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கேம் ஷாஃப்ட்டும் சுற்றியுள்ள வார்ப்பும் உலோக நிறத்திலோ, மெல்லிய மஞ்சள் பூச்சுடனோ இருந்தால் என்ஜின் நலமாக இருக்கிறது. அந்த மஞ்சள் பூச்சு வார்னிஷ். மெல்லிசாக இருக்கும்வரை பயமில்லை. கறுப்பாக, நகத்தால் சுரண்டினால் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து வருவது ஸ்லட்ஜ். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். மூடியின் அடியில் மட்டும் வெளிறிய நுரை இருந்தால், குறைந்த தூர ஓட்டத்தில் தங்கிய ஈரம். டிப்ஸ்டிக்கிலும் அதே வெளிறல் தெரிந்தால் கூலன்ட் கலக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

அடுத்துத் தெரிவது ஆயில் குறையும் வேகம். என்ஜின் ஆயில் குடிக்கிறது என்றால் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்றே முடிவுகட்டுகிறோம். ஆனால் ஆயில் சும்மாவே ஆவியாகவும் செய்யும். இதை அளக்க நோக் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்க, ஜப்பானியக் கார் கம்பெனிகளின் இல்சாக் தரத்தில் அதிகபட்சம் 15 சதவீதம். ஏசிஇஏ சி3 போன்ற ஐரோப்பியத் தரங்களில் 13. நல்ல சிந்தெடிக் 10-க்குக் கீழே நிற்கும். ஆவியாகும் பகுதி, என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வ் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போகிறது. நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜினில் இன்டேக் வால்வைக் கழுவப் பெட்ரோல் வராததால், அது வால்வின் முதுகிலேயே கார்பனாக இறுகிவிடும். சம்ப்பில், அதாவது என்ஜினின் அடித்தொட்டியில், மிஞ்சும் ஆயில் நாளுக்கு நாள் கெட்டியாகும். தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் நோக் எண்ணைத் தேடிப் பாருங்கள். விளம்பர வாசகம் எதையும்விட அது அதிகம் சொல்லும். அந்த எண்ணையே போடாத கம்பெனியை ஒரு படி கீழே வைக்கலாம் என்பது எங்கள் கணக்கு.

டர்போ இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. வேகமாக ஓட்டிவந்து சட்டென்று அணைத்தால், டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் ஓட்டமில்லாமல் அங்கேயே வெந்து கரியாகும். சிந்தெடிக் இதைத் தாமதப்படுத்தும், முழுதாகத் தடுக்காது. ஏற்றம் ஏறி வந்தாலோ நெடுஞ்சாலையில் விரட்டி வந்தாலோ, கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி அணைப்பது எந்த ஆயிலுக்கும் பொருந்தும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 5டபிள்யூ-30-இல் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும்; பின்னால் வரும் 30 சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30-இலும், 15டபிள்யூவை மைனஸ் 20-இலும் சோதிக்கிறார்கள். நம் ஊரில்தான் பனியே விழாதே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் ஏறக்குறைய 11 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அளவு) இருக்கும். அதே ஆயில் 20 டிகிரியில் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. என்ஜினுக்கு எல்லாக் காலையும் குளிர்காலம்தான். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் செயின் டென்ஷனர், வால்வ் டேப்பெட் ஆகியவற்றுக்கு ஆயில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் வரும் கடகட சத்தம் குறையும். ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஆயிலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஃபில்டருக்குள், என்ஜின் நின்றபின் ஆயில் திரும்பி வடியாமல் பிடித்துவைக்க ஒரு ரப்பர் வால்வ் இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துப்போய் ஆயிலை விட்டுவிடும். சிலிகான் ரப்பர் வால்வ் உள்ள ஃபில்டர் போட்டதுமே சத்தம் நிற்பது சகஜம்.

இனி டப்பாவுக்கு வருவோம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற சொல்லுக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம். அடிப்படை எண்ணெய்களை அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. நான்காவது பிஏஓ, அதாவது வேதிமுறையில் கட்டப்பட்டது. எஸ்டர் போன்றவை ஐந்தாவது. மூன்றாவது குழு கச்சா எண்ணெயிலிருந்தே வருவது. ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து, சூட்டில் கெட்டித்தன்மை எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்று சொல்லும் விஸ்காசிட்டி இண்டெக்ஸை 120-க்கு மேல் கொண்டுவந்திருப்பார்கள். இந்த மூன்றாவது குழுவை சிந்தெடிக் என்று காஸ்ட்ரால் விளம்பரம் செய்தபோது மொபில் எதிர்த்தது. 1999-இல் அமெரிக்க விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு காஸ்ட்ராலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று கடையில் சிந்தெடிக் என்று கிடைப்பதில் பெரும்பங்கு மூன்றாவது குழுதான். அது மட்டமும் இல்லை. நல்ல சேர்மானத்தோடு வரும் மூன்றாவது குழு ஆயில், ஏனோதானோவென்று கலந்த பிஏஓவைத் தோற்கடிக்கும்.

ஆகவே டப்பாவைத் திருப்புங்கள். ஓனர்ஸ் மேனுவலில் விஸ்காசிட்டி கிரேடும் தர எண்ணும் இருக்கும்; இரண்டும் பின்பக்க லேபிளில் இருக்க வேண்டும். கிரேடு மட்டும் பொருந்தினால் போதாது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு 5டபிள்யூ-30 ஏபிஐ எஸ்பி தரம் மட்டும் கொண்டது, இன்னொரு 5டபிள்யூ-30 ஏசிஇஏ சி3 கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு. 150 டிகிரி சூட்டில், பேரிங் இடுக்கில் நசுங்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை எச்டிஎச்எஸ் என்ற எண் சொல்கிறது. 30 கிரேடுக்கு அது குறைந்தது 2.9 இருந்தால் போதும். சி3-க்கு 3.5 வேண்டும். 3.5-ஐ எதிர்பார்த்து வடிவமைத்த ஐரோப்பிய என்ஜினில் 2.9 ஊற்றினால், முழு லோடில் பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் மெலியும். அன்றைக்கே ஒன்றும் ஆகாது, அதுதான் சிக்கல்; தேய்மானம் வருஷக்கணக்கில் சேரும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில், வெயில் காலம், கெட்டியாக இருந்தால் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள். இப்போதைய என்ஜின்களில் வால்வ் டைமிங்கை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான். அதைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வில் ஆயில் போகும் வழிகள் மிகச் சிறியவை. கெட்டி ஆயிலில் அது தாமதமாக வேலை செய்யும், சில வண்டிகளில் செக் என்ஜின் விளக்கே எரியும். மேனுவலில் இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால், அதிக லோடும் அதிக வெப்பமும் உள்ளவர்கள் அந்தப் பட்டியலுக்குள் கெட்டியானதை எடுக்கலாம். பட்டியலைத் தாண்ட வேண்டாம்.

டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் வண்டிக்குச் சாம்பல் அளவு முக்கியம். ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பலாகும். ஃபில்டரைச் சூடாக்கிச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனில் புகைக்கரி எரிந்துபோகும், சாம்பல் போகாது, ஃபில்டரிலேயே தங்கி அடைக்கும். சி3 தரத்தில் இந்தச் சாம்பல் அளவு (சல்பேட்டட் ஆஷ்) 0.8 சதவீதத்துக்குள். ஏசிஇஏவின் ஏ3/பி4 ஆயில்கள் அதற்கு மேலே இருக்கும். டர்போ வைத்த நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிக்கு 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி ஓட்டும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஆயிலில் கால்சியம் அதிகமானால் அது கூடுவது தெரிந்து, அதைக் குறைத்து மக்னீசியம் சேர்த்தார்கள். டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் எஸ்பியில்தான் சேர்ந்தது. கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பைக்குக்குக் கார் ஆயில் வேண்டாம், ஜப்பானின் ஜாசோ தரத்தில் எம்ஏ அல்லது எம்ஏ2 பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும்.

லேபிளில் இன்னொரு தந்திரம். 'அப்ரூவ்டு' என்று ஃபோக்ஸ்வாகன் 504 00 / 507 00, மெர்சிடிஸ் 229.51 போன்ற எண்கள் இருந்தால், கார் கம்பெனி சோதித்து ஒப்புதல் தந்தது. 'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்' என்று இருந்தால், ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சிந்தெடிக் 15,000 தாங்கும் என்பது நெடுஞ்சாலையில் சூடாகி ஓடும் வண்டிக்கு உண்மையாக இருக்கலாம். தினமும் மூன்று கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கே வராது. எரியாத பெட்ரோலும் நீராவியும் சம்ப்பில் இறங்கித் தங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள், ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது. முகர்ந்து பார்த்தாலே வாசனை தெரியும். டீசலில் ரீஜெனரேஷன் பாதியில் நின்றுகொண்டே இருந்தாலும் இதேதான் நடக்கும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயிலானாலும் மேனுவலில் உள்ள கடின உபயோக இடைவெளிதான் சரி. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் மேனுவல் சொல்லும் மாதக்கணக்கில் மாற்றிவிட வேண்டும். நிறம் கறுத்ததா என்று பார்த்து மாற்றுவது வேண்டாத வேலை. டீசலில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். அழுக்கைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள்.

இடைவெளியை நீட்ட விரும்புகிறவர்கள் ஆயிலை லேபுக்கு அனுப்பிப் பார்ப்பது ஒன்றே நேர்மையான வழி. சூடாக இருக்கும்போது வடியவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும். அறிக்கையில் சிலிகானும் அலுமினியமும் சேர்ந்து ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர் பக்கம் தூசி நுழைகிறது. சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட்டைச் சந்தேகிக்கலாம். இரும்பு எவ்வளவு என்பதைவிட, முந்தைய அறிக்கைகளோடு ஒப்பிட்டால் 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதுதான் பயன்படும். அமிலத்தைச் சமாளிக்கும் டிபிஎன் புது ஆயிலில் இருந்ததில் பாதிக்குக் கீழே போனால் மாற்றும் நேரம்.

பல வருஷம் மினரலில் ஓடிய வண்டியை மாற்றும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சிந்தெடிக் போட்டதும் ஒழுகுகிறது என்ற புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. விறைத்துப்போன சீலை ஸ்லட்ஜ் அடைத்துக்கொண்டிருந்திருக்கும். புது ஆயில் அதைக் கழுவியதும் பழைய ஓட்டை தெரிகிறது. இரண்டாவது, உள்ளே ஸ்லட்ஜ் நிறைய இருந்தால் ஃப்ளஷ் ஊற்றி ஒரேயடியாகக் கரைக்க முயலாதீர்கள். பெயர்ந்து வரும் கட்டிகள் பம்பின் சல்லடையில் போய் அடைத்தால் பிரஷர் விழுந்து பேரிங்கே போகும். மேனுவல் சொல்லும் சாதாரண ஆயிலை ஊற்றி, 2,000-3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு இரண்டு மூன்று தடவை மாற்றினால் மெதுவாகச் சுத்தமாகும். வழியில் டாப் அப் செய்ய வேறு பிராண்ட் மட்டும் கிடைத்தால் தயங்க வேண்டாம். ஏபிஐ உரிமம் உள்ள ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது விதி.

மாற்றும் வேலையில் நடக்கும் தப்புதான் ஆயிலின் தரத்தைவிட அதிக என்ஜின்களைக் கெடுக்கிறது. என்ஜினை ஐந்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி வடியவிடுங்கள். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) மட்டும் இறுக்குங்கள். அலுமினிய சம்ப்பில் ஒருமுறை மரை போனால் சம்ப்பே மாற்ற வேண்டிவரும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று கட்டாயம் பாருங்கள். அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றினால், சாலையில் போகும்போது வளையம் பிதுங்கி மொத்த ஆயிலும் வெளியே போய்விடும். புது வளையத்தில் ஆயில் தடவி, அது முகத்தில் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பேனர் வேண்டாம்.

மேனுவல் அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். நிறையக் கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை பம்ப்பில் ஏறினால் பிரஷர் நிற்காது.

1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு விலை கூடிய சிந்தெடிக் வாங்குவதற்கு முன் புகையைப் பாருங்கள். இரவு நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றால் வால்வ் சீல். இறக்கத்தில் கியரில் வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வந்தாலும் சந்தேகம் அதே பக்கம்தான். லோடில் தொடர்ந்து வந்தால் ரிங். டர்போ வண்டியென்றால் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.