படம் காட்டிக் கேட்பதா, பேசவிட்டுக் கேட்பதா? குழந்தையின் உச்சரிப்பைக் கணிக்கும் இரண்டு வழிகள்

உச்சரிப்பு சரியில்லை என்று அழைத்துவரப்படும் குழந்தையின் பேச்சை ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டு விதமாகச் சேகரிக்கலாம். படங்களைக் காட்டி ஒவ்வொன்றாகப் பெயர் கேட்பது ஒன்று. விளையாடவிட்டு, இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்வது மற்றொன்று. நேரமில்லை என்று பலர் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை வைத்து மட்டும் கோளாறின் தீவிரத்தைச் சொல்வது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

எந்த வழியானாலும் காது கேட்கும் திறனை முதலில் சோதித்துவிட வேண்டும். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒலிகள் மங்கலாகத்தான் கேட்கும். மங்கலாகக் கேட்டது மங்கலாகவே வெளிவரும்.

படச் சோதனையின் பெரிய பலம், குழந்தை எந்தச் சொல்லைச் சொல்ல முயன்றது என்பது நமக்குத் தெரியும் என்பதுதான். குரங்குப் படத்தைப் பார்த்து ஒரு குழந்தை ‘தொலந்து’ என்கிறது. பேச்சில் நாம் சொல்லும் ‘கொரங்கு’வோடு ஒப்பிட்டால் க், ர், ங், க் நான்கும் தப்பு. ஆனால் நான்கு பிரச்சினைகள் இல்லை, இரண்டுதான்: பின்நாக்கு ஒலிகள் நுனிநாக்குக்கு வந்துவிட்டன, ரகரம் லகரமாகிவிட்டது. இப்படி ஐம்பது, அறுபது படங்களை அரைமணிக்குள் முடித்தால் தவறுகளின் ஒழுங்கு புலப்பட்டுவிடும். ‘நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டால் சரியாகும்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ககரம் பின்நாக்கில் பிறப்பது; நுனிக்கு அடியில் இருக்கும் சவ்வு அதைத் தடுக்காது.

படச் சோதனையில் சிக்கல் வருவது சொற்பட்டியலில்தான். ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தால் தமிழுக்குப் பொருந்தாது. ட, ண, ள, ழ, ற ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வராதவை. இடையிலோ கடைசியிலோதான் சோதிக்க வேண்டும். ககரம் ‘கல்’லில் ஒரு மாதிரி, ‘தங்க’த்தில் ஒரு மாதிரி, ‘முக’த்தில் வேறு மாதிரி, மூன்றையும் கேட்டாக வேண்டும். ‘மரம்’ என்பதைப் பேச்சில் பெரியவர்களே கடைசி மகரத்தை மூக்கொலியாக்கி விட்டுவிடுகிறார்கள். அதைக் குழந்தை ‘இறுதி மெய்யை விட்டது’ என்று குறித்தால் தவறு நம்முடையது. வீட்டில் ‘வாளப்பளம்’ என்றோ ‘வாயப்பயம்’ என்றோ சொன்னால் குழந்தையும் அப்படித்தான் சொல்லும். அம்மாவையும் அதே படத்துக்குப் பெயர் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி இயல்பான பேச்சு. தனிச்சொல்லில் கவனமாக ‘மரம்’ என்ற குழந்தை, ‘மரத்துல ஏறிட்டிருக்கு’ எனும்போது ரகரத்தை விட்டுவிடலாம். வேற்றுமையும் வினைவிகுதியும் சேர்ந்து நீளும் தமிழில் இது அடிக்கடி நடக்கும். வீட்டில், பள்ளியில் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்பதைக் காட்டுவது இந்தப் பேச்சுதான். தீவிரத்தைக் கணிக்கும் ‘சரியான மெய்யொலி விழுக்காடு’, அதாவது மெய்யொலிகளில் நூற்றுக்கு எத்தனை சரியாக வந்தன என்ற கணக்கு, 1982இல் ஷ்ரைபெர்க், குவியாட்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் உரையாடலை வைத்து வகுத்தது: 85க்கு மேல் லேசானது, 65–85 லேசானதிலிருந்து மிதமானது, 50–65 மிதமானதிலிருந்து கடுமையானது, 50க்குக் கீழ் கடுமையானது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு வகுத்த எல்லைகள் என்பதால் தமிழில் தோராய வழிகாட்டியாக மட்டும் கொள்ளலாம். படச் சோதனையின் மதிப்பெண்ணை அப்படியே இந்த எல்லைக்குள் பொருத்துவது சரியல்ல.

இயல்பான பேச்சைப் பதிவு செய்வதன் பலவீனம், பேச்சு மிகவும் குழறலாக இருந்தால் என்ன சொல்ல வந்தது என்றே தெரியாமல் போவது. அதற்கு ஒரு வழி, குழந்தை சொன்னதும் அதே வாக்கியத்தை நாம் சரியாகத் திருப்பிச் சொல்வது: ‘ஓ, நாய் ஓடிப்போச்சா!’ எழுதும்போது பதிவிலேயே விடை இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அந்த இரைச்சலில் முதலில் மறைவது சகரம்தான். பத்து நிமிடப் பேச்சை ஒலிப்படி எழுத ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

கோளாறு எந்த வகை என்று பிரிக்கும்போது இரண்டும் தேவைப்படுகின்றன. 25 படங்களை, இடையில் வேறு வேலை கொடுத்து, ஒரே அமர்வில் மூன்று முறை சொல்லவையுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் மூன்று முறையும் ஒரே மாதிரி வராவிட்டால் நிலையற்ற தவறுகள் என்று ஐயப்பட வேண்டும். பேச்சு அப்ராக்ஸியாவா (பேச்சுக்கான வாயசைவுகளைத் திட்டமிடுவதில் மூளைக்கு வரும் சிரமம்) என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் 2007இல் சொன்ன மூன்று அடையாளங்களில் இது ஒன்றுதான். ஒலியிலிருந்து ஒலிக்குப் போகும்போது இழுத்துத் தடைபடுவது, ஏற்ற இறக்கமும் அழுத்தமும் இடம் மாறுவது ஆகிய மற்ற இரண்டுக்கும் நீளமான பேச்சைக் கேட்க வேண்டும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்: பேச்சே புரியாத குழந்தைக்குப் படம், ஓரிரு ஒலி மட்டும் பிசகும் குழந்தைக்குப் பேச்சு. இரண்டுக்கும் நேரமிருந்தால் விளையாட்டுப் பேச்சை முதலில் வையுங்கள். படம் காட்டியபின் குழந்தை சோதனையை உணர்ந்து ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்கிவிடும். தவறிய ஒலிகளை மட்டும் கடைசியில் ‘என்னைப் பார்த்துச் சொல்லு’ என்று கேளுங்கள். பெயர் தெரியாமல் நம்மைக் கேட்டுத் திருப்பிச் சொன்ன சொற்களைத் தனியே குறியிடுங்கள். காதில் விழுந்த உடனே சொல்வது பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகவே வரும். அதைத் தானாகச் சொன்னவற்றோடு சேர்த்தால் கணக்கு உயர்ந்துவிடும்.