சிந்தியா வெஸ்ட்காட்டின் தாவர நோய்க் கையேடு: ரோஜா வளர்ப்பவர்கள் தேடி வாங்கலாம்

மாடியில் பதினாறு தொட்டி ரோஜா வைத்திருக்கிறேன். போன ஐப்பசி மழையில் அடி இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி, ஒரே வாரத்தில் எல்லாம் கொட்டிக் குச்சி குச்சியாக நின்றன. நர்சரியில் கேட்டேன், சத்துக் குறைவு, உரம் போடுங்கள் என்றார்கள். போட்டேன், இன்னும் கொட்டியது. அப்புறம்தான் பழைய புத்தகக் கடை ஒன்றில் இந்தக் கையேட்டின் 1971 பதிப்பு கிடைத்தது.

கரும்புள்ளி நோய் என்றால் புள்ளியின் ஓரம் சீராக இருக்காது, நார் நாராகப் பிரிந்திருக்கும் என்று இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், தாளில் மை ஊறிய மாதிரி அப்படியே இருந்தது! இலை ஆறேழு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போதும், பூஞ்சை உள்ளே இறங்கிவிடுமாம். நான் தினமும் சாயங்காலம் இலை மேலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது காலையில், மண்ணில் மட்டும். உதிர்ந்த இலையை அன்றைக்கே பொறுக்கிவிடுகிறேன். புதுத் துளிரில் புள்ளி ரொம்பக் குறைந்திருக்கிறது.

எழுதியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிந்தியா வெஸ்ட்காட் 1898இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர், 1932இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பொருளாதார மந்தக் காலம், அதிலும் பெண், வேலை கிடைப்பது கஷ்டம். சரி என்று 1933இல் நியூ ஜெர்சியில் தானே ‘செடி டாக்டர்’ என்று தொழில் தொடங்கி, வீடு வீடாகத் தோட்டங்களுக்குப் போய் வைத்தியம் பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அலபாமாவுக்குப் போய், அசேலியா பூக்களை அழுகவைக்கும் பூஞ்சையை ஆராய்ந்தார். இந்தக் கையேடு 1950இல் வந்தது. செடி பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தவர் எழுதியது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது, அதனாலேயே எனக்கு இவர்மேல் தனி மரியாதை.

முதல் பாதியில் நோய்கள், அடுத்த பாதியில் செடிகள், இரண்டும் அகரவரிசையில். செடிப் பெயரைப் பிடித்தால் நோய்க்குப் போய்விடலாம். குறையும் உண்டு. எழுத்துதான் அதிகம், படம் பார்த்துக் கண்டுபிடிக்க நினைத்தால் ஏமாற்றம்தான். அமெரிக்கத் தோட்டங்களுக்காக எழுதியது, அதனால் அங்கத்திய பருவக் கணக்கு நமக்கு ஒத்துவராது. முக்கியமாக, அந்தக் காலத்து மருந்துகளை அப்படியே அடித்துவிடாதீர்கள், இப்போது எது அனுமதியில் இருக்கிறது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு வேறொருவர் திருத்திய புதிய பதிப்புகளும் உண்டு. நோயை அடையாளம் காண மட்டும் என்றால் பழையதே போதும். எண்ணூறு பக்கத்துக்கு மேல், தடிமனான புத்தகம், வாங்கும்போது தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.