பவர் மீட்டர்: பெடலா, ஸ்பைடரா?

சைக்கிளை மிதிக்கும் ஆற்றலை வாட்டில் அளக்கிற பவர் மீட்டரை வாங்க நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது துல்லியத்தைப் பற்றித்தான். இன்றைக்கு அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபவேரோ அசியோமா பெடல் ±1 சதவீதம் என்கிறது, குவார்க் டீஜீரோ ஸ்பைடர் ±1.5 சதவீதம் என்கிறது. ஸ்பைடர் என்பது பெடல் மாட்டும் கிராங்கையும் முன்பக்கப் பல்சக்கரமான செயின்ரிங்கையும் இணைக்கிற பாகம். 200 வாட்டில் இந்த இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு வாட். எடையும் அப்படித்தான், தேடிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் ஸ்பைடர் வாங்கினேன், இன்னொரு முறை வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன். காரணம் ஒன்றுதான்: தேய்கிற பாகமும் அளக்கிற பாகமும் அதில் தனித்தனியாக இருக்கின்றன.

எந்த பவர் மீட்டரைத் திறந்தாலும் உள்ளே நடக்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்ட்ரெயின் கேஜ் என்கிற மெல்லிய படலம் உலோகத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். நாம் மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிகிறது, கூடவே படலமும் நீண்டு சுருங்குகிறது, அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து முறுக்குவிசை கிடைக்கும், அதைச் சுழலும் வேகத்தால் (வினாடிக்கு எத்தனை ரேடியன் என்ற கணக்கில்) பெருக்கினால் வாட். நிமிடத்துக்கு 90 சுற்றில் 21 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் கிட்டத்தட்ட 200 வாட். இதில் உரசித் தேய்கிற பாகம் எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் இதைக் கெடுப்பது சுற்றி இருப்பவைதான்: தண்ணீர், உப்பு, விழுந்த அடி, பேட்டரி மூடி, வயர்.

வயரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய வயர் மாடல்கள் இன்னமும் பலருடைய சைக்கிளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. உல்ரிஷ் ஷோபரர் 1986-இல் ஜெர்மனியில் எஸ்ஆர்எம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய கிராங்க் அளந்த கணக்கை பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) பக்கத்தில் இருக்கும் ஒரு சென்சார் வாங்கி, ஃபிரேம் வழியாகப் போகும் வயரில் ஹேண்டில்பாருக்கு அனுப்பும். பின்சக்கரத்தின் நடுப்பாகத்தில் (ஹப்) அளக்கிற பழைய பவர்டேப்பில், கணக்கை வாங்கும் சென்சார் செயின்ஸ்டேயில், அதாவது பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயில் இருக்கும். இந்த வயர்கள் அறுந்தால் ஃபிரேமில் உரசும் இடத்திலோ கனெக்டரிலோதான் அறும், பார்த்தாலே தெரியும், வயர் செட்டை மட்டும் மாற்றினால் போதும், மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. வடிவமைப்பு என்ற வகையில் அது நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அதில் எனக்குப் பிடிக்காதது பேட்டரிதான். பழைய எஸ்ஆர்எம்மில் பேட்டரி உள்ளே சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வரும், உண்மை. ஆனால் தீர்ந்ததும் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும், இந்தியாவிலிருந்து அனுப்பினால் கூரியர், கஸ்டம்ஸ் என்று அது தனி அலைச்சல்.

ஆன்ட் பிளஸ் (ANT+) என்கிற வயர்லெஸ் முறை வந்ததும் ஹேண்டில்பார் வயர் போய்விட்டது. 2013-இல் வந்த கார்மின் வெக்டர் பெடலில் மட்டும் குட்டியாக ஒரு வயர் மிச்சம் இருந்தது. கிராங்குக்குப் பக்கத்தில் தொங்கும் 'பாட்' (pod) என்கிற சின்னப் பெட்டியிலிருந்து பெடல் அச்சுக்குள் செருக வேண்டும், பெடலைக் கழற்றும்போதெல்லாம் அதையும் கழற்ற வேண்டும். 2017-இல் வந்த வெக்டர் 3-இல் அந்தப் பெட்டியும் இல்லை, வயரும் இல்லை, பேட்டரி பெடலின் வெளிமுனைக்குப் போனது. அப்புறம் அந்த பேட்டரி மூடிக்குள் தொடர்பு சரியாக நிற்காமல் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால், கார்மின் புது மூடி செய்து கொடுக்க வேண்டி வந்தது. வயரில் இருந்த பலவீனம் மூடிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

பெடலின் வசதியை மறுக்கவில்லை. ஒரு சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்குச் சில நிமிடங்களில் மாற்றலாம், இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கும். ஆனால் சைக்கிள் சாய்ந்தால் முதலில் தரையில் படுவது பெடல், அதற்குள் தினமும் சுற்றித் தேய்கிற பேரிங், பேரிங்குக்குள் இருக்கிற அச்சில்தான் சென்சார். அசியோமாவுக்கு பெடல் உடலும் பேரிங்கும் தனியாகக் கிடைக்கின்றன, அது பெரிய ஆறுதல். பேட்டரி ஒரு சார்ஜுக்கு 50 மணி நேரம் வரும், ஆனால் அது சீல் வைத்த பேட்டரி, சில வருடங்களில் வலு இழந்தால் நாம் திறந்து மாற்ற முடியாது. பெடல் மீட்டரை நான் நண்பர்களிடம் வாங்கித்தான் ஓட்டியிருக்கிறேன், வருடக்கணக்கில் சொந்தமாக வைத்திருந்தவர்களின் அனுபவம் என்னுடையதைவிடக் கனமானது.

இப்போது ஸ்பைடர். குவார்க் டீஜீரோவில் இருப்பது ஒரு சிஆர்2032 காயின் செல், எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும், ஏறக்குறைய 200 மணி நேரம் வரும். ஒரு மூடி, அதற்கடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். ஈசிஆரில் உப்புக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் ஓட்டுகிற எனக்கு, செல் மாற்றும்போது அந்த ஓ-ரிங்கைத் துடைத்துத் துளி சிலிகான் கிரீஸ் தடவுவதோடு பராமரிப்பு முடிந்துவிடுகிறது. செயின்ரிங் பல் தேய்ந்ததா, போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டி ஜீரோ ஆஃப்செட் (மிதிக்காதபோது அளவை பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது) கொடுத்தால் சரி. பழைய ஸ்பைடர்களில் செயின்ரிங் மாற்றினால் அளவே கொஞ்சம் நகரும், அவற்றை வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பைடர் என்று பெயர் இருந்தால் போதும் என்று சொல்ல மாட்டேன். 2019-இல் வந்த ஸ்ராம் ரெட் ஏஎக்ஸ்எஸ்ஸில் செயின்ரிங்கும் பவர் மீட்டரும் ஒரே துண்டு. பல் தேய்ந்தால் நன்றாக வேலை செய்கிற மீட்டரும் சேர்ந்து போகும். பழையதைக் கொடுத்தால் விலையில் சலுகை உண்டு என்றார்கள், இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே வருடம் வந்த ஸ்ராமின் இன்னொரு மாடலான ஃபோர்ஸில் ஸ்பைடர் தனி, செயின்ரிங் தனி. விலையும் குறைவு, வடிவமைப்பும் மேல்.

இடது கிராங்கில் ஒட்டி வருகிற மீட்டர்கள் மலிவு, எளிமை. ஆனால் அதன் ஆயுள் அந்த கிராங்கின் ஆயுளோடு கட்டுண்டது. 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11 ஸ்பீடு ரோடு கிராங்குகளில் சிலவற்றைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தபோது, அவற்றின் மேல் மீட்டர் ஒட்டியிருந்தவர்களுக்கு அது இரட்டைக் கவலை ஆனது. பவர்டேப் ஹப் உறுதியானது, ஆனால் அந்தச் சக்கரத்தில் போனால்தான் அளவு. அதை 2019-இல் ஸ்ராம் வாங்கியது, இன்று பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும்.

பழையது வாங்குகிறவர்கள் கையோடு ஒரு சோதனை செய்யுங்கள். பின்சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, கிராங்கைத் தரைக்கு இணையாக வைத்து, பெடல் அச்சில் சரியாக எடை போட்ட 20 கிலோவைத் தொங்கவிடுங்கள். 172.5 மில்லிமீட்டர் கிராங்கில் 33.8 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். முறுக்குவிசையை ஆப்பில் காட்டுகிற எந்த ஸ்பைடரிலும் இதைச் செய்யலாம். கூடவே பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.