ஃபைனான்ஸில் பழைய கார் எடுக்கப் போகிறீர்களா? குடியாத்தத்தில் இருந்து ஒரு எச்சரிக்கை

“ஃபைனான்ஸ்லயே ஆள் அனுப்பி வண்டியைப் பார்த்துட்டுத்தான் சார் லோன் கொடுக்கிறாங்க. கோளாறு இருக்கிற வண்டிக்கு நாலு லட்சம் கொடுப்பாங்களா?” கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) யாராவது இப்படிப் பேச ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். அந்த ஆள் வந்து என்ன பார்த்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பானெட்டைத் திறந்து சேஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார். நாலு பக்கமும் நின்று போட்டோ, மீட்டரை ஒரு போட்டோ, ஆர்.சி.யை ஒரு போட்டோ. ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் சத்தம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. வண்டியை ஒரு அடிகூட நகர்த்தவில்லை. நாளைக்கு நாம் தவணை கட்டாமல் போனால் இதை இழுத்துக்கொண்டு போய் எவ்வளவுக்கு விற்கலாம் என்று அவர்கள் போடும் கணக்கு அது. இன்ஜின் நல்லதா கெட்டதா என்று அந்த ரிப்போர்ட்டில் எந்த இடத்திலும் இல்லை.

எனக்குக் கைலி வியாபாரம். குடியாத்தத்தில் சரக்கு எடுத்து ஆரணி, போளூர், திருவண்ணாமலை என்று கடைகளுக்குப் போட்டு வருவேன். டிக்கியில் பண்டல் வைக்கவும், அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் ஒரு வண்டி தேவைப்பட்டது. போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு, வேலூர் ஹைவே ஓரத்தில் இருக்கும் ஒரு கன்சல்டிங்கில் டீசல் கார் எடுத்தேன். கடையின் பெயரையும் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. 2016 மாடல், சிங்கிள் ஓனர், மீட்டரில் 78,000 கிலோமீட்டர். விலை 5,20,000.

வட்டி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வண்டியை விட அது மோசம். கடன் 4,00,000. “பதினோரு பர்சென்ட் சார், பேங்க் ரேட் மாதிரிதான்” என்றார்கள். அது ஃபிளாட் வட்டி. நாலு வருடமும் முழு நாலு லட்சத்துக்கும் 11% போட்டு, 1,76,000 வட்டியைச் சேர்த்து, 48 மாதத்துக்கு மாதம் 12,000 என்று பிரித்துவிட்டார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் குறைவதில்லை. பேங்க் போடுவது போலக் குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது 19 சதவீதத்துக்கு மேல் வருகிறது. இதில் பிராசஸிங், டாக்குமெண்ட் என்று 12,000 பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் பணம் போனது. அந்தக் குறைவையும் நானே கட்டினேன். ஆக, 1,20,000 கையில் இருந்தால் போதும் என்றவர்கள் 1,32,000 வாங்கினார்கள்.

2024 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுக்கும் இந்த மாதிரிக் கடன்களுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு சதவீதத்தைக் காட்டும் ஒரு விவரத்தாளை, கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எனக்கும் வந்தது. ஒப்பந்தத்தோடு சேர்த்து, போனில், முழுக்க ஆங்கிலத்தில். அதில் 21-ஐ ஒட்டி ஒரு எண் இருந்தது. நீங்கள் வாங்கும்போது “அந்த ஒரு தாளைத் தமிழில் கொடுங்கள்” என்று கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

சரி, வண்டிக்கு வருகிறேன். பிப்ரவரி முழுக்க நன்றாகத்தான் ஓடியது. மார்ச் பாதியில், வி.கோட்டாவில் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு பேரணாம்பட்டு வழியாகக் கிளம்பினோம். பத்தலப்பல்லி மலைப்பாதையில் பாதி ஏறியிருப்போம், வெப்ப ஊசி சிவப்புக்குப் போய்விட்டது. பானெட் இடுக்கில் இருந்து ஆவி. ஒரு வளைவில் ஓரங்கட்டி, குழந்தைகளோடு நிழலில் உட்கார்ந்து காத்திருந்து, அந்த வழியாக வந்த தக்காளி வேனில் எல்லோரும் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வரிசையாகச் செலவு. ரேடியேட்டர் ஹோஸ் மாற்றினால் சரியாகும் என்றார் ஒருவர். அப்புறம் வாட்டர் பம்ப். அப்புறம் ஃபேன் மோட்டார். ஒவ்வொன்றும் மாற்றி ஒரு வாரம் பத்து நாள் ஓடும், திரும்பவும் படுக்கும். அக்னி நட்சத்திரத்தில் பள்ளிகொண்டா டோல் தாண்டி நின்றபோது அம்மா வண்டியில் இருந்தார். 1033-க்குப் போன் செய்தேன், ஹைவே கிரேன் வந்து சாலையை விட்டு ஓரமாக எடுத்து வைத்தது. (அந்த நம்பரைப் போனில் பதிந்து வையுங்கள், தேசிய நெடுஞ்சாலை எங்கும் வேலை செய்யும்.) இன்ஷூரன்ஸில் கேட்டுப் பார்த்தேன். விபத்துக்குத்தான் சார், இன்ஜின் கோளாறுக்குக் கிடையாது என்றார்கள். சாதாரண பாலிசியில் அது அப்படித்தான்.

கடைசியில் பேரணாம்பட்டில் ஒரு பாய் ஷெட்டுக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். மனிதர் வாயைத் திறக்காமல் வேலை பார்ப்பவர். இன்ஜின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, உள்பக்கத்தை விரலால் வழித்து என் முன்னால் நீட்டினார். பால் அதிகமான காபி நிறத்தில் கொழகொழவென்று ஒரு பசை. “ஆயில்ல தண்ணி கலந்திருக்கு தம்பி.” அப்புறம் கூலண்ட் டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இன்ஜின் ஓட ஓட அந்தத் தண்ணீரில் முட்டை முட்டையாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கிறது, சிலிண்டருக்குள் எரியும் காற்று தண்ணீருக்குள் வருகிறது, அந்த அழுத்தத்தில் தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது என்றார்.

“இப்ப போனதா இருக்கலாமே பாய்?” என்று கேட்டேன். அவர் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. “இத கழட்டிட்டு வெறும் மூடியப் போட்டு அடைச்சிருக்கான். வண்டி சூடாவுதுன்னு தெரிஞ்சுதானே கழட்டுவான்?”

இதுதான் சூட்சுமம். இன்ஜின் ஓரளவு சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பது தெர்மோஸ்டாட் வேலை. அதை எடுத்துவிட்டால் ஸ்டார்ட் செய்த நிமிடத்தில் இருந்தே தண்ணீர் சுற்றும், வண்டி சட்டென்று சூடேறாது. சமதளத்தில், ஏ.சி. போடாமல், ஜனவரி மாதத்தில் ஓட்டிப் பார்க்கிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. டெஸ்ட் டிரைவ் என்று என்னை அனுப்பியது கிரீன் சர்க்கிள் வரை போய்த் திரும்புவதற்கு. அந்தத் தூரத்துக்கு எந்த வண்டியும் நல்ல வண்டிதான். நல்ல நிலையில் இருக்கும் கார் என்றால் ஊசி மெல்ல நடுவுக்கு வந்து அங்கேயே நிற்கும் என்றார் பாய். கீழேயே கிடந்தாலும் சந்தேகப்பட வேண்டுமாம். மேலே போனால்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் நாம்.

ஹெட்டை இறக்கி, அதன் அடிப்பக்கத்தைச் சமமாகத் தேய்த்து (ஃபேஸிங்), கேஸ்கட் மாற்ற 45,000. ஹெட்டில் விரிசல் இருந்தால் இன்னும் மேலே. அவர் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு கன்சல்டிங்குக்குப் போனேன். வாங்கும்போது “வாங்கண்ணே” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்ட பையன் இப்போது எழுந்திருக்கவே இல்லை. ஓனர் சொன்னது: “இன்னா சார், பழைய வண்டின்னா ரெண்டு செலவு இருக்கத்தான் செய்யும். நீங்க தண்ணி பார்த்து ஊத்தலைன்னா நாங்க இன்னா பண்றது?” ஆறு மாத வாரண்டி என்றீர்களே என்றால், வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதிக வெப்பத்தால் வரும் சேதத்துக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. டெலிவரி தாளில் “வண்டியை முழுமையாகப் பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எவ்விதப் புகாரும் இல்லை” என்று முன்கூட்டியே அச்சடித்திருந்ததும் வெளியே வந்தது. சாவி கொடுத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைக்கும் பரபரப்பில் நீட்டும் தாள் அதுதான். அதில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை அடித்துவிடுங்கள், முறைத்தால் முறைக்கட்டும்.

ஃபைனான்ஸில் இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். வண்டி ஓடுகிறதா இல்லையா என்பது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம், அஞ்சாம் தேதி டியூ. அவ்வளவுதான். கடைக்காரருக்குக் கடன் பாஸான அன்றே முழுப் பணமும் போய்விட்டது, ஃபைனான்ஸுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது. ஓடாத வண்டியால் நஷ்டப்படுகிற ஆள் இந்த மூவரில் ஒருவர் மட்டுமே. விற்றுத் தொலைக்கலாம் என்றால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் ஏறியிருக்கிறது. கடனை முடித்து என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி அந்தப் பெயரை நீக்க வேண்டும் (ஹெச்.பி. கேன்சல்), இல்லாவிட்டால் ஃபைனான்ஸ் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்; இரண்டும் இல்லாமல் யார் பெயருக்கும் மாற்ற முடியாது.

“வண்டியை அவங்க வாசல்லயே விட்டுட்டு வந்துடு” என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவர்கள் ஏலம் விடுவார்கள், ஓடாத வண்டிக்குக் கிடைப்பது கிடைக்கும், மீதியை உங்கள் மேல் எழுதி நோட்டீஸ் அனுப்புவார்கள். சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணும் கெட்டுவிடும். அப்புறம் நகைக்கடன் தவிர வேறு கடன் கிடைப்பது கஷ்டம். நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி டியூ கட்டிக்கொண்டுதான் வழக்குப் போட்டிருக்கிறேன். தவணை தவறினால் கதையே மாறிவிடும் என்று வக்கீலும் சொன்னார். ஏற்கெனவே தவறியவர்களுக்கு ஒன்று: அடியாள் வைத்து மிரட்டி வண்டி பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. ரோட்டில் மடக்கினால் 100-க்குப் போன் செய்யுங்கள்.

வழக்குக்குப் பெரிய ஆதாரம் எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது. ஆர்.சி. என் பெயருக்கு மாறியதும், அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேட்டேன். 2021 ஆகஸ்டில் கடைசியாக வந்தபோது 1,12,000 கிலோமீட்டர் என்று அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எனக்கு விற்றபோது 78,000. அந்தப் பிரிண்டை வாங்கிப் பத்திரப்படுத்தினேன். பழைய வண்டி என்றால் செலவு வரும் என்று பேசிய ஓனர், மீட்டர் பின்னால் போனதற்கு இதுவரை பதில் சொல்லவில்லை.

அடுத்த சிக்கல், கடையே இல்லாதது போல் பேப்பர் இருந்தது. பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30 ஃபாரங்களில் (பெயர் மாற்ற விண்ணப்பங்கள்) வாங்குபவர் என்று நேரடியாக என் பெயர். நடுவில் கன்சல்டிங் எங்கும் இல்லை. கொடுத்த ரசீதில் சீலும் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், ஓனரிடம் இருந்து வண்டி கைக்கு வந்ததும் 29-சி ஃபாரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி இருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் அந்தச் சான்றைக் கேளுங்கள். விதவிதமான முகபாவங்களைப் பார்க்கலாம். என் விஷயத்தில் ஃபைனான்ஸ் கம்பெனியே உதவியது, அவர்களுக்குத் தெரியாமல். கடன் பணம் யார் கணக்குக்குப் போனது என்று எழுத்தில் கேட்டேன், கடையின் கணக்கு விவரத்தோடு பதில் வந்தது. விற்றது அவர்கள்தான் என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

முதலில் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். புகாரைப் பதிந்து கடைக்கு அனுப்பினார்கள், கடை கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ். அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை சென்னையில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, ஐந்தில் இருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் “அடுத்த மாசம் பார்க்கலாம் சார்” என்று கடைக்காரர் இழுப்பதில் காலத்தைக் கரைக்காதீர்கள். ஃபைனான்ஸ் மீது புகார் என்றால் முதலில் அவர்களுக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

இப்போது வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையில் கடை திறக்கும் நேரத்துக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், ஏற்கெனவே சூடாக இருந்தால் உங்களுக்காக ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆயில் மூடியையும் கூலண்ட் டேங்கையும் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறந்து பாருங்கள், சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். ஏ.சி. முழுதாகப் போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, பள்ளிகொண்டா வரைக்காவது போய் வந்து, அணைக்காமல் பத்து நிமிடம் நிறுத்தி ஊசியைக் கவனியுங்கள். ஏலகிரி கொண்டைஊசி வளைவு ஏற ஒத்துக்கொள்ளும் கடைக்காரர் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்துக் கூட்டிப் போங்கள். கடையே கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம். சர்வீஸ் விவரத்தை அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழைய ஓனர் மூலமாக எடுத்துத் தரச் சொல்லுங்கள், மழுப்பினால் திரும்பி வந்துவிடலாம்.

என் மனு ஏற்கப்பட்டுவிட்டது, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. குடியாத்தம், வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இதே போல மீட்டர் குறைத்த வண்டி மாட்டியவர்கள் இருந்தால், ரிப்பேர் செய்யும் முன் மெக்கானிக்கிடம் கோளாறை எழுதி வாங்கி, பிரித்த பாகங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டியைச் சரிசெய்து ஓட்ட ஆரம்பித்த பிறகு காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பாய் பிரித்துப் போட்ட ஹெட்டை நான் இன்னும் அவர் ஷெட்டிலேயே விட்டு வைத்திருப்பது அதனால்தான்.