ஆயில் லீக் எங்கே என்று தெரியாமல் கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்: வடசேரி ஒர்க்‌ஷாப் அனுபவம்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் தகர ஷெட், ஒரு மெக்கானிக் அண்ணன், கூட ஒரு பையன், அவ்வளவுதான் ஒர்க்‌ஷாப். பெயர்ப் பலகை கூட கிடையாது. ஆனால் என்ஜின் ஆயில் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இவரிடம் போங்கள் என்று யாரிடமும் தைரியமாகச் சொல்வேன்.

என்னுடையது பத்து வருஷம் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக். நிறுத்தின இடத்தில் ஆயில் சொட்டு, சிக்னலில் நின்றால் கருகின வாடை. முதலில் காட்டின வேறொரு இடத்தில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் ஈரம் இருக்கிறது, கிராங்கின் (என்ஜினின் சுழலும் தண்டு) பின்பக்கம் ஆயிலைத் தடுக்கிற சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கணும், இறக்குவதோடு இறக்குவதாகக் கிளட்ச்சையும் மாற்றிவிடலாம் என்று 18,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். அந்த சீலின் விலை கொஞ்சம்தான், மீதியெல்லாம் இறக்கி ஏற்றுகிற கூலியும் கிளட்ச்சும். இவ்வளவு பெரிய வேலையைச் சொல்கிறவர்கள் பானெட்டைக் கூட சரியாகத் திறந்து பார்க்கவில்லையே என்று எனக்கு ஒப்பவே இல்லை.

வடசேரி அண்ணன் முதலில் கீழே சொட்டினதை ஒரு வெள்ளைத் தாளில் தொட்டு முகர்ந்து பார்த்தார். கியர் ஆயில் என்றால் கந்தக வாடை தூக்கும், இது என்ஜின் ஆயில்தான் என்றார். அப்புறம் சொன்னது இதுதான்: "கழுவாம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி."

ஆல்டர்னேட்டரையும் காயில்களையும் பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, டீசலும் பெயின்ட் பிரஷ்ஷுமாக மேலிருந்து கீழே வரை பையன் தேய்த்தான், பிறகு ஏர் அடித்துக் காயவிட்டார்கள். இந்தக் கழுவலுக்குத்தான் அதிக நேரம் ஆனது, எனக்கு அதுவே பிடித்தது. ஆயில் மேலிருந்து வழிந்து இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும், ஆகவே சொட்டுகிற இடம் கசிகிற இடமாக இருக்கணும் என்று இல்லை, ஈரத்தில் எது ஆக உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் தேடணும். பல வருஷ அழுக்கு ஒட்டிக்கிடந்தால் எது பழைய ஈரம் எது புதுசு என்று எப்படித் தெரியும்?

கழுவின பிறகு ஆயிலில் ஒரு சின்ன பாட்டில் யுவி டை, அதாவது புற ஊதா வெளிச்சத்தில் ஒளிர்கிற சாயம், ஊற்றினார். என்ஜின் ஆயிலுக்கு என்றே விற்கிற டை அது, கூலன்ட்டுக்கான டை வேறு, மாற்றி ஊற்றிவிடக் கூடாது. நன்றாகச் சூடாக வேண்டும் என்பதால் ஆரல்வாய்மொழி வரை ஓட்டிவிட்டு வந்தோம். ஷெட்டின் ஷட்டரை இறக்கி, மஞ்சள் கண்ணாடியை என்னிடம் தந்து யுவி டார்ச்சை அடித்தார். என்ஜினின் உச்சியில் இருக்கிற மூடியான டேப்பட் கவரின் கியர் பாக்ஸ் பக்க மூலையில், கடைசி போல்ட்டுக்குக் கீழே, நூல் கனத்துக்கு ஒரு மஞ்சள் பச்சைக் கோடு. அந்தக் கவருக்குக் கீழே உள்ள என்ஜின் ஹெட்டின் ஓரமாக இறங்கி, கியர் பாக்ஸ் சேருகிற இடுக்கில் புகுந்து, கீழே சொட்டாகத் தொங்குகிறது. முதல் இடத்தில் பார்த்த ஈரம் இதன் வால்தான். சீல் பக்கம் கசிவு இல்லை என்று கீழேயிருந்தும் தனியாகப் பார்த்துச் சொன்னார், அதையும் எழுதியாகணும்.

கவரைக் கழற்றினதும் பழைய ரப்பர் பேக்கிங்கை என் கையில் தந்தார். வளைத்தேன், மளுக்கென்று ஒடிந்தது. சூடு பட்டுப் பட்டு ரப்பர் இறுகிப்போயிருந்தது. பழைய பேக்கிங் மேலேயே சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு, இவர் டைமிங் கவர் (என்ஜினின் பக்கவாட்டு மூடி) சேருகிற இரண்டு மூலையில் மட்டும் ஒரு பொட்டு வைத்தார். அதிகமாக அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, அடியில் ஆயில் தேங்குகிற சேம்பருக்குள் விழுந்து ஆயில் இழுக்கிற சல்லடையை அடைத்துவிடும். போல்ட்டுகளையும் அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்கினார், பலத்தைக் காட்டி முறுக்கினால் கவர் நெளிந்து திரும்பவும் கசியும். அப்புறம் என்ஜினுக்குள் சேருகிற வாயுவை வெளியே விடுகிற பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பார்த்தார், கடகடவென்று சத்தமே வரவில்லை, உள்ளே கசடு. அது அடைத்தால் என்ஜினுக்குள் அழுத்தம் கூடி, புது பேக்கிங்கையும் சீலையும் கூட ஆயில் தள்ளிக்கொண்டு வரும். அதையும் மாற்றியாச்சு. டை, கழுவல், பாகங்கள், கூலி எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

குறைகளும் உண்டு. பிரின்ட் பில் கிடையாது, ஒரு தாளில் கையால் எழுதித்தான் தருவார். போனை எடுக்கவே மாட்டார். மழை பெய்தால் இந்த வேலையை ஒத்திப் போட்டுவிடுவார், ரோட்டுத் தண்ணீர் அடியில் அடித்துக் குழப்பிவிடும் என்கிறார். அது நியாயம்தான், ஆனால் ஜூனிலும் மழை அக்டோபரிலும் மழை என்கிற நம்ம மாவட்டத்தில் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான், அதிலும் பெரும்பாலும் ஸ்பேனர் இருக்கும்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டும் என்று இல்லை. உங்கள் மெக்கானிக்கிடமே, சீல் என்று சொல்வதற்கு முன் கழுவி, டை ஊற்றிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். டை இல்லையென்றாலும், கழுவிக் காய்ந்த என்ஜினில் டால்கம் பவுடரைத் தூவி ஓட்டிப் பார்த்தால் ஆயில் இறங்கின தடம் தெரியும். சைலன்சர் குழாய் மேல் சொட்டுகிற ஆயில் மட்டும் தீப்பிடிக்கக் கூடியது, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது, என் வண்டிக்கு அடியில் விரித்த அட்டை காய்ந்தே இருக்கிறது. வடசேரிக்குப் போகிறவர்கள் காலையிலேயே, என்ஜின் ஆறியிருக்கும்போது விட்டுவிடுங்கள், சூடான என்ஜினில் அவர் கை வைப்பதில்லை. ஞாயிறு லீவு.