ஆறு ஆடியைத் தாண்டிய ஒயரிங்

2019 தை மாதம் வாங்கிய 125 சிசி வண்டி. இப்போது 71,000 கிலோமீட்டர். வீடு ஆனைமலைப் பக்கம், வேலை பொள்ளாச்சியில். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் சாரல் லேசில் விடாது. அது ஓய்ந்து வண்டி காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.

முதல் ஆடியிலேயே ஹாரன் செத்தது. பெரிய மெக்கானிக் மாதிரி நானே ஹெட்லைட்டைக் கழற்றி, உள்ளே ஒயர்களை இணைக்கும் கப்ளர்களை எல்லாம் கருப்பு இன்சுலேஷன் டேப் போட்டு இறுக்கிச் சுற்றினேன். அடுத்த ஆடியில் ஹாரனோடு இண்டிகேட்டரும் போனது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன் சிரித்தார்.

"ஏனுங் தம்பி, தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு கட்டுனீங்க, சரி. போன தண்ணி எப்புடீங் வெளிய வரும்?"

கப்ளருக்குள் இருக்கும் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. டேப்பின் பசை சித்திரை வெயிலில் இளகி ஒயரெல்லாம் பிசுபிசு.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கப்ளர்களில் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து நன்றாகக் காயவிடுவேன். ஈரத்தோடு கிரீஸ் போட்டால் ஈரத்தையே பூட்டி வைத்த மாதிரி. காய்ந்தபின் டைஎலக்ட்ரிக் கிரீஸ், மெல்லிசாக. அது மின்சாரம் கடத்தாதே என்று நானும் பயந்தேன். கப்ளரை அழுத்தி மாட்டும்போது பின் உரசும் இடத்தில் கிரீஸ் விலகி உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும். சுற்றியுள்ள இடைவெளியில் மட்டும் தங்கித் தண்ணீரைத் தடுக்கும். கப்ளருக்குப் போகும் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காசில்லாத வேலை, பலனோ எல்லாவற்றையும்விட அதிகம். மேலே துணி டேப், அதையும் இடைவெளி விட்டுத்தான். கடைசியாக ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லையே என்று பார்ப்பேன்.

டபிள்யூடி-40 ஸ்பிரே நனைந்த இடத்திலிருந்து ஈரத்தை விரட்ட நல்லது. மழைக்காலம் முழுக்கக் காக்கும் என்று நம்பக் கூடாது.

ரப்பர் விஷயத்தில் எதிரி மழை இல்லீங்க, வாட்டர் சர்வீஸ். கழுவி முடித்ததும் பளபளப்புக்கு டீசல் அடிப்பார்கள். அப்படிச் சில முறை அடித்ததில் என் வண்டியின் பிரேக் பெடல் ரப்பர் ஊதிக் கொழகொழத்துவிட்டது. சைடு பேனல் ஓட்டையில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது கிராமெட், ஒன்று பிய்ந்து விழுந்தது. ஒயர் பிரேமுக்குள் நுழையும் ஓட்டையில் உள்ள கிராமெட் அப்படிப் போனால் தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்துவிடும், பியூஸ் போகும். இப்போது "டீசல் வேண்டாங்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரஷர் பைப்பை ஹெட்லைட் பின்பக்கமும் சாவித் துவாரத்திலும் காட்டவும் விடுவதில்லை.

வீட்டில் ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரேதான், துணியில் அடித்துத் துடைப்பேன். தேங்காய் எண்ணெய்க்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, தடவியும் பார்த்தேன். புழுதி அப்பியதுதான் மிச்சம். சிலிக்கானை டயர், பிரேக் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஒரு தடவை சீட்டுக்கும் போட்டுவிட்டேன். வால்பாறை மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வழுக்கிய வீட்டம்மா, இறங்கும்வரை பேசவில்லை.

ஹாரன் நான்கு மழைக்காலமாகச் சத்தமாக அடிக்கிறது. தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவதால் போன மாசம் எலி ஒன்று டெயில் லைட் ஒயரைக் கடித்துவிட்டது. அதற்கு வழி வேறு தேட வேண்டும்.