நார்தர்ன் பைக் பிடிக்க எந்த லீடர்: கம்பியா, ஃப்ளோரோகார்பனா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஏரிகளில் நார்தர்ன் பைக் என்ற கூர்ம்பல் வேட்டை மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் லூரை (போலி இரையை) வெறும் தூண்டில் நரம்பில் கட்டுவதில்லை. அந்தப் பல்லுக்கு நரம்பு தாங்காது. நரம்புக்கும் லூருக்கும் இடையில் பல்லைத் தாங்கும் ஒரு சின்னத் துண்டு, அதாவது லீடர் வேண்டும். அது எஃகுக் கம்பியா, ஃப்ளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் இழையின் தடித்த வகையா என்பதில்தான் சண்டை. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு நான் கம்பியோடு நின்றுவிட்டேன்.

ஃப்ளோரோகார்பனின் பெருமை தெரிந்ததுதான்: தெளிந்த தண்ணீரில் எடுப்பாகத் தெரியாது, கம்பிபோல லேசில் சுருண்டு மடங்காது. மஸ்கி (பைக்கின் பெரிய உறவு மீன்) பிடிப்பவர்கள் 100 பவுண்டும் அதற்கு மேலும் தாங்கும் தடிப்பில் போடுகிறார்கள். அவர்களுடைய பெரிய லூருக்கு அது சரி. சின்ன ஸ்பூனில் (கரண்டி வடிவ உலோக லூரில்) அதே தடிப்பைக் கட்டினால் ஸ்பூனின் ஆட்டம் செத்துவிடும். மெலிதாகப் போட்டால் பல்லுக்குத் தீனி.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்பு. ஃப்ளோரோகார்பன் என்றால் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதன்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பு தட்டினால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். அந்தத் தடிப்பில் முடிச்சு லேசில் இறுகாது. அக்டோபர் காலையில் விறைத்த விரலோடு இதையெல்லாம் யார் செய்வது? "இன்னொரு மீன் தாங்கும்" என்று விட்டுவிடுவோம். அப்புறம் அறுந்தால் முக்கொக்கித் தூண்டிலோடு மீன் போய்விடும். போவது லூர் மட்டுமென்றால் பரவாயில்லை.

கம்பி சுருளும்தான், அதுவும் சீக்கிரமே. ஆனால் சுருண்டது பார்த்தவுடன் தெரியும். ஏழு இழைக் கம்பியில் ஓர் இழை அறுந்தால் ஊசிபோல நீட்டிக்கொண்டு விரலையே குத்தும். லூரை மாட்டும் கொக்கியான ஸ்னாப்பைக் கழற்றி லீடரை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டினால் வேலை முடிந்தது.

மஸ்கியும் உள்ள ஏரி என்றால் வந்தது எது என்று பாருங்கள். மஸ்கிக்குப் பருவமும் நீள வரம்பும் தனி. கரும்பச்சை உடம்பில் வெளிர் புள்ளிகள் இருந்தால் பைக். வெளிர் உடம்பில் கருங்கோடுகளோ கரும்புள்ளிகளோ இருந்தால் மஸ்கி. சந்தேகமென்றால் கீழ்த்தாடையின் அடியில் துளைகளை எண்ணலாம்: ஒரு பக்கத்துக்கு 5 வரை பைக், 6 முதல் மஸ்கி.

டைட்டானியம் லீடர் வளைந்தாலும் நேராகிவிடும், விலைதான் அதிகம். எனக்கு அதில் பழக்கம் குறைவு. அடித்துச் சொல்ல மாட்டேன். வால்ஐ என்ற வேறொரு மீனுக்குச் சின்ன ஜிக் (தலையில் எடை வைத்த தூண்டில்) போடுகிறவர்களுக்குக் கம்பி வேண்டாம், அது ஜிக்கை விறைப்பாக்கிவிடும். பைக்குக்கு 9 அங்குலத்துக்குக் குறைந்த கம்பி வாங்காதீர்கள். பெரிய மீன் லூரை முழுசாக விழுங்கினால் பல் நரம்புவரை எட்டிவிடும்.